பட்டியல் டீச்சரும் அவுட் ஆகாத பெண்ணும்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பட்டியல் போடாமல் ஒரு வேலையும் ஓடாது. காய்கறி வாங்கப் போகும் கணவர் கையில் ஒரு பட்டியல், வெளியூர் கிளம்பினால் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒரு பட்டியல். மகளைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போனபோதுகூட, வலிக்கு நடுவில், கொண்டுவந்த சாமான்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் அடித்துக்கொண்டிருந்தவர். பிரசவம் பார்க்க வந்த நர்ஸ், "முதல்ல அந்தப் பேனாவைக் கீழ வைங்கம்மா" என்றாராம். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் இருக்கும் கணவர் இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். டீச்சர் சிரிக்க மாட்டார். பட்டியல் இருந்ததால்தானே குழந்தையின் குல்லாவை வண்டியிலேயே விட்டுவிட்டது தெரிந்தது என்பார்.

அவர் எடுத்த எடுப்பில் டீச்சர் ஆனவரில்லை. ஒரு லாரிக் கம்பெனியில் ஏழு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தார். எந்த வண்டியில் எத்தனை மூட்டை என்று தட்டித் தட்டி விரல் காய்த்த பிறகு, முப்பது வயதில், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போனார். இந்தப் பள்ளிக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. இரண்டாம் மாடியில் கடைசி அறை. கொக்கி விழாத ஒரு ஜன்னல், அதற்குக் கீழே விளையாட்டு மைதானம். எத்தனையோ பேர் அறை மாறினார்கள், வகுப்பு மாறினார்கள், பள்ளியே மாறினார்கள். இவர் அசையவில்லை. பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் 'பட்டியல் டீச்சர்' என்பார்கள். அது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

பள்ளிக்குப் பின்னால் பெரிய பெரிய சேமிப்புக் கிடங்குகள் எழுந்த பிறகு, வேலைக்காக எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வர ஆரம்பித்தன. வருஷ நடுவில் திடீரென்று ஒரு பிள்ளை வாசலில் வந்து நிற்கும். மொழி தெரியாது, முகம் தெரியாது. போன வருஷம் அப்படி ஒரு பையன் வந்தான். வகுப்பில் இருந்தவர்கள் அவனிடம் தினமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நீங்க எப்பத் திரும்பிப் போவீங்க?" அதில் விஷம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். ஆனால் கேட்டவர்கள் இருபத்தேழு பேர், பதில் சொல்ல வேண்டியவன் ஒருத்தன். மூன்றாவது வாரம் அவன் அம்மா வந்து மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு மகனைக் கூட்டிப் போய்விட்டார். டீச்சர் அன்று வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு என்ன செய்தார் என்று கேட்கவே வேண்டாம். உட்கார்ந்து பட்டியல் போட்டார்.

பெரிய அட்டை, நடுவில் கோடு. இடது பக்கம் 'கேட்கக் கூடாதவை'. ஏன் வந்தீர்கள், எப்போது போவீர்கள், உங்கள் அப்பாவுக்கு என்ன சம்பளம், வீட்டில் என்ன பேசுவீர்கள், ஏன் இந்தச் சட்டையையே போடுகிறாய் என்று பன்னிரண்டு. வலது பக்கம் 'செய்ய வேண்டியவை'. புன்னகை செய், வரிசையில் முன்னால் விடு, பொருள் கேட்டால் உடனே கொடு, சத்தம் போடாதே, சண்டை போடாதே. அதுவும் பன்னிரண்டு. இதில் எதைச் செய்தாலும் செய்த பிள்ளையின் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் ஒட்டப்படும் என்று கீழே ஒரு வரி. அந்தக் கடைசி வரியை எழுதும் முன்தான் டீச்சர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த புதுப் பிள்ளை வந்தது ஒரு சிறுமி. ஒற்றைப் பின்னல், தோளில் அளவுக்கு மீறிய பை, இடது கையில் ஒன்றாம் வகுப்பில் சேரப்போகும் தங்கை. அப்பா கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறவர். அம்மா விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரி தரை துடைக்கப் போய்விடுவார். காலையில் இரண்டு பெண்களையும் பள்ளி வாசலில் விட்டுவிட்டு, கிடங்கின் சங்கு ஊதுவதற்குள் அப்பா ஓட்டமாக ஓடுவார். தங்கைக்காரி அக்காவின் விரலைப் பிடித்தால்தான் வகுப்புக்குள் காலை வைப்பாள்.

அந்த ஊரில் ஒரு விதி. புதிதாக வரும் பிள்ளை எட்டு வாரத்துக்குள் வகுப்பில் பேச ஆரம்பிக்காவிட்டால், ஊரின் மறுகோடியில் இருக்கும் தனி வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இந்தச் சிறுமியை அங்கே கூட்டிப் போக வீட்டில் ஆள் இல்லை. மாற்றினால் அவள் வீட்டில்தான் உட்காருவாள், கூடவே தங்கையும் உட்கார்ந்துவிடும். இது டீச்சருக்கு முதல் நாளே தெரியும். தன் பட்டியல் இருக்க என்ன கவலை என்று இருந்துவிட்டார்.

பட்டியல் வேலை செய்தது. வேலை செய்தது என்றால் சாதாரணமாக இல்லை. சிறுமி உள்ளே நுழைந்ததும் இருபத்தேழு பேரும் ஒரே நேரத்தில் பல்லைக் காட்டினார்கள். அவள் இரண்டடி பின்னால் போனாள். பென்சில் சீவ அவள் எழுந்தால் எட்டுப் பேர் எழுந்தார்கள். ஒருத்தன் சீவிக் கொடுத்து நட்சத்திரம் வாங்கிவிட்டால் அடுத்தவன் சும்மா இருப்பானா? சீவின பென்சிலையே திரும்ப வாங்கிச் சீவினான். முதல் வாரம் முடிவதற்குள் அவளுடைய மூன்று புதுப் பென்சில்களும் சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டன. தண்ணீர்க் குழாயில் அவள் எப்போதும் முதல். பெஞ்சில் அவளுக்கு இரண்டு ஆள் இடம். அவள் எதையாவது கீழே போட்டால் நான்கு தலைகள் மேஜைக்கடியில் முட்டிக்கொள்ளும்.

வகுப்பில் 'புகார்ப் பெட்டி' என்று ஒரு பெண் உண்டு. அவன் கிள்ளினான், இவள் காப்பியடித்தாள், மேலே காற்றாடி முறைக்கிறது என்று நாளைக்குப் பத்துப் புகாராவது கொண்டுவந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அவளே இந்தச் சிறுமியைப் பற்றி மூச்சு விடவில்லை. நாற்பத்தொரு நட்சத்திரத்துடன் முன்னணியில் இருந்தாள்.

இடைவேளையில் பிள்ளைகள் பந்தெறி விளையாடுவார்கள். இரண்டு பக்கமும் எறிகிறவர்கள், நடுவில் தப்பித்து ஓடுகிறவர்கள். பந்து மேலே பட்டால் அவுட், சுவரோரம் போய் நிற்க வேண்டும். தரையில் மோதி எகிறின பந்து பட்டால் கணக்கில் வராது. கடைசி வரை நடுவில் நிற்பவர் ஜெயித்தவர். சிறுமியைச் சேர்த்துக்கொண்ட நாளிலிருந்து அவள்தான் தினமும் ஜெயித்தாள். அவள் பக்கம் யாரும் பந்தை ஓங்கி எறியவே இல்லை. மற்றவர்களை எல்லாம் அடித்து வெளியேற்றிவிட்டு, கடைசியில் அவளுக்கு ஒரு கை தள்ளிப் பந்தை உருட்டிவிட்டுக் கைதட்டினார்கள். அவள் ஓட வேண்டிய தேவைகூட இல்லை. நடுவில் சும்மா நின்றாள், ஜெயித்தாள். டீச்சர் மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

தலைமை ஆசிரியையும் பார்த்தார். "உங்க கிளாஸைப் பார்த்துத்தான் மத்தவங்க கத்துக்கணும்" என்று சொல்லி, பட்டியலைப் பிரதி எடுத்து எல்லா அறைக்கும் அனுப்பினார். டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒன்று மட்டும்தான் நடக்கவில்லை. சிறுமி பேசவில்லை. ஆறு வாரம் ஆகியும் வாயைத் திறக்கவில்லை. எழுதச் சொன்னால் எழுதினாள், காட்டச் சொன்னால் காட்டினாள். கேட்டால் தலையை ஆட்டினாள்.

ஏழாவது வாரத் தொடக்கத்தில் அவள் அப்பா வந்தார். கிடங்கில் அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். சட்டைப் பையில் பசை நாடாவின் உருளை ஒன்று துருத்திக்கொண்டிருந்தது, கழற்றி வைக்க மறந்திருப்பார். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு கேள்வி. என் பொண்ணு கேக்குறா. எனக்குப் பதில் தெரியல."

"கேளுங்க."

"அவளுக்கு என்ன நோய்?"

டீச்சருக்குப் புரியவில்லை. "நோயா? யார் சொன்னா?"

அவர் வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார். "நாங்க இங்க வந்தப்ப டாக்டர் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார். அப்புறம் ஸ்கூல். ஸ்கூல்ல எல்லாரும் இவகிட்ட மெதுவா பேசுறாங்க. இவளுக்கு எல்லாம் குடுக்குறாங்க. சண்டை இல்ல. அடிக்கிறது இல்ல. என் தங்கச்சி, இவளுக்கு அத்தை, சாகறதுக்கு முன்னாடி எங்க வீட்ல இப்படித்தான் இருந்தோம். யாரும் சத்தமா பேசல. அவ கேட்டது எல்லாம் குடுத்தோம். இவ அதைப் பார்த்திருக்கா. டாக்டர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா? சொன்னா எனக்கும் சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்."

டீச்சர் தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நல்லா இருக்கா. உங்க பொண்ணு நல்லா இருக்கா" என்று நாலைந்து தடவை சொன்னார். அந்த மனிதர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு, நாற்காலியை மேஜைக்கடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

டீச்சர் அன்று பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, திரும்பி நடந்தார். நடக்கும்போது தன் கல்யாணம் ஆன முதல் வருஷம் ஞாபகத்துக்கு வந்தது. மாமியார் வீட்டில் தங்கத் தட்டில் வைத்துத் தாங்கினார்கள். நீ உட்காரும்மா, நீ சாப்பிடும்மா, நீ எதையும் தொடாதேம்மா. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவார். எப்போது கிளம்பப் போகிறாய் என்று எல்லாரும் காத்திருக்கிற மாதிரியே இருக்கும். அப்படியே எட்டு மாதம். ஒருநாள் நாத்தனார் மாடியிலிருந்து கத்தினாள்: "அண்ணி! முழுக் கொடியையும் நீங்களே பிடிச்சுக்கிட்டா என் துணியை எங்க போடுறது, உங்க தலையிலயா?" இவரும் விடவில்லை. உன் துணி மூணு நாளா காயுதே, அது என்ன கருவாடா என்று பதிலுக்குக் கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னலெல்லாம் திறந்தது. அன்றைக்குத்தான் முதல் முறையாக அந்த வீட்டில் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டார்.

'நமக்குப் புத்தி எங்க போச்சு' என்று நடுத்தெருவில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். எதிரே வந்தவர் விலகிப் போனார்.

மறுநாள் காலை அட்டையைக் கழற்றினார். சிறுமி உட்பட எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றார். வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. டீச்சர்கள் தப்புப் பண்ணுவார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் ஒப்புக்கொள்வார்கள் என்பது புதுச் செய்தி.

புகார்ப் பெட்டிதான் முதலில் கையைத் தூக்கினாள். "டீச்சர், அப்ப எங்க ஸ்டாரெல்லாம்?"

"அதை நீயே வெச்சுக்கோ. இனிமே யாருக்கும் ஸ்டார் கிடையாது."

"அப்ப இனிமே என்ன ரூல் டீச்சர்?"

டீச்சர் சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனார். 'உரிமையோடு சண்டை போடு' என்று எழுதினால் நாளைக்கு இருபத்தேழு அம்மாக்களும் வாசலில் நிற்பார்கள். ஒன்றும் எழுதாமல் திரும்பி வந்தார். "ரூல் இல்ல. வீட்டுப்பாடம்தான் இருக்கு. உங்க வீட்ல முதல்முதலா இந்த ஊருக்கு வந்தது யாரு, எதுக்கு வந்தாங்கன்னு கேட்டுட்டு வாங்க."

மறுநாள் வந்த பதில்கள் டீச்சரையே திகைக்க வைத்தன. இந்த மண்ணிலேயே வழிவழியாக இருக்கிறோம் என்று சொல்ல மூன்றே வீடுகள்தான் இருந்தன. ஒருத்தியின் அம்மா படிக்க வந்தவர். ஒருத்தனின் தாத்தா அண்ணனோடு கோபித்துக்கொண்டு கிளம்பியவர், கோபம் ஆறுவதற்குள் இங்கே கல்யாணம் ஆகிவிட்டது. புகார்ப் பெட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தாள். "எங்க கொள்ளுத்தாத்தா ரயில்ல தூங்கிட்டாராம் டீச்சர். முழிச்சுப் பார்த்தா இந்த ஊராம். தப்பான ஊர்னு தெரியாமலே இறங்கி, சொந்தக்காரங்க வீட்டைத் தேடு தேடுன்னு தேடியிருக்காரு. ரெண்டு நாள் கழிச்சுத்தான் வேற ஊர்னு தெரிஞ்சிருக்கு. அதுக்குள்ள இங்க வேலை கிடைச்சிருச்சு."

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ஒரு சத்தம் டீச்சர் இதுவரை கேட்காதது. திரும்பிப் பார்த்தார். சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அப்படியானால் எல்லாம் புரிகிறது. ஒரு சொல் விடாமல் புரிகிறது. டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "நீ சொல்றியாம்மா? உங்க வீட்ல எதுக்கு வந்தீங்க?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் விட்டுவிட்டார்.

அதன் பிறகும் ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. ஆறு வாரம் பழகின கை அவ்வளவு சீக்கிரம் மாறுமா? பென்சில் சீவுவது நின்றது. இரண்டொருவர் அவள் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஆனால் பந்து மட்டும் அவளிடம் உருண்டே போனது. எட்டாவது வாரமும் வந்துவிட்டது. கல்வி அலுவலகத்திலிருந்து அலுவலரும் வந்துவிட்டார்.

நல்ல மனிதர், ஜிப் பிய்ந்த பை. சிறுமியைத் தனியே உட்காரவைத்துப் படங்களைக் காட்டினார். இது என்ன, இவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார். டீச்சர் கதவோரம் நின்றார். சிறுமி மூன்று சொல் சொன்னாள். மரம், குடை, நாற்காலி. அதற்கு மேல் எவ்வளவு தட்டிக் கொடுத்தாலும் வாய் திறக்கவில்லை.

இடைவேளை மணி அடித்தது. அலுவலர் மைதானத்துப் படிக்கட்டில் நின்று படிவத்தைப் பிரித்தார். "வாக்கியம் ஒண்ணுகூட இல்லையே டீச்சர். நான் என்ன செய்ய?"

"இன்னும் ரெண்டே வாரம் குடுங்க சார்."

"எட்டு வாரம் ஆச்சுங்க. அங்கயும் நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க."

"தருவாங்க சார். அவளை அங்க யாரு கூட்டிட்டுப் போறது? அவ அப்பா ஏழே முக்காலுக்கு இங்க, எட்டு மணிக்குக் கிடங்குல. அவ போகலைன்னா சின்னவளும் வர மாட்டா. ரெண்டு படிப்பும் போகும் சார்."

அலுவலர் பேனா மூடியைக் கழற்றினார். "புரியுதுங்க. ஆனா அதை எழுத இந்தப் படிவத்துல இடம் இல்லையே."

பின்னால் ஒரு கூச்சல். டீச்சர் திரும்புவதற்குள் புகார்ப் பெட்டி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "டீச்சர், அவ ஏமாத்துறா! பந்து கால்ல பட்டுச்சு. போக மாட்டேங்குறா!"

"யாரு?"

"அவதான்!" என்று கையை நீட்டியவள், தான் யாரைக் காட்டுகிறோம் என்பது உறைத்து, வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலேயே சிறுமி வந்து நின்றாள். பின்னல் பாதி அவிழ்ந்திருந்தது. மைதானத்தில் ஒருவரும் அசையவில்லை. புகார்ப் பெட்டி முணுமுணுத்தாள்: "மெதுவா உருட்டலாம்னுதான் டீச்சர் இருந்தேன். எத்தனை நாளைக்குத்தான் அவளே ஜெயிப்பா?"

டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலுவலர் பக்கத்திலேயே இருக்கிறார். இல்லை, நீ அவுட் இல்லை என்று சொல்லிவிட்டால் பிரச்சினை அத்துடன் முடிந்தது. சிறுமி மறுபடியும் நடுவில் போய் நிற்பாள், மறுபடியும் ஜெயிப்பாள். மற்ற யாராக இருந்தாலும் என்ன சொல்லியிருப்போம் என்று ஒரு நொடி யோசித்தார். பிறகு, எல்லாரிடமும் பேசுகிற அதே அதட்டலில் சொன்னார்:

"கால்ல பட்டா அவுட்டுதான். போ, போய்ச் சுவர்கிட்ட நில்லு."

சிறுமி போகவில்லை. டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று டீச்சர் நினைத்தார்.

"நீங்க பாக்கல டீச்சர்" என்றாள். குரல் உள்ளே போனது. அடுத்தது மாடி வரை கேட்டது. "நீங்க இந்த சார்கிட்ட பேசிட்டு இருந்தீங்க! பந்து தரையில பட்டு அப்புறம்தான் என் கால்ல பட்டுச்சு! தரையில பட்டா அவுட் இல்ல! இவ பொய் சொல்றா! நீங்களும் பொய் சொல்றீங்க!"

பத்தொன்பது வருஷத்தில் எந்தப் பிள்ளையும் டீச்சரை அப்படிச் சொன்னதில்லை. சொன்னதும் நியாயம்தான், அவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருந்தார். டீச்சருக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. சிரித்தால் கேலி என்று எடுத்துக்கொள்வாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஆமா. நான் பாக்கல. பாக்காமச் சொன்னது தப்பு. திரும்ப எறியுங்க."

"அதெப்படி டீச்சர்!" என்று புகார்ப் பெட்டி குதித்தாள். "அதெப்படி டீச்சர்!" என்று சிறுமியும் குதித்தாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள்.

அலுவலர் படிவத்தைப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டார். "எத்தனை வாக்கியம் அது?"

"ஆறு சார்."

"அஞ்சு எழுதிக்கிறேன். கடைசி வேண்டாம், உங்களுக்கு மரியாதையா இருக்காது."

"அதையும் எழுதுங்க சார்" என்றார் டீச்சர்.

அங்கே இரண்டாவது முறை எறிந்த பந்து சிறுமியின் முதுகில் பட்டது, பட்ட சத்தம் படிக்கட்டு வரை கேட்டது. யாரும் கைதட்டவில்லை. அவள் காலைத் தரையில் உதைத்துவிட்டு, சுவரோரம் அவுட் ஆனவர்கள் நிற்கும் வரிசைக்குப் போய் நடுவில் நுழைந்தாள்.

"தள்ளி நில்லு" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"நீ தள்ளு" என்றாள்.